சிராங்கூன் வத்சலா லைனில் இருக்கிறார்

சென்ற சனிக்கிழமை தேக்கா ஈரச்சந்தையில் நெத்திலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். என் பேரம் எப்படி இருக்கும் என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கடைக்காரர் தராசைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "நேத்து வந்த மீனுக்கு இன்னைக்கு விலையா?" என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

எனக்குப் பின்னால் இறால் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கையை நிறுத்திவிட்டார்.

"அம்மா... நீங்க சிராங்கூன் வத்சலாவா?"

வாராவாரம் இந்தப் பக்கத்தில் என் புகைப்படம் வருகிறது. அதை வைத்து இன்றுவரை ஒருவர்கூட என்னைத் தெருவில் அடையாளம் கண்டதில்லை. (படம் கொஞ்சம் பழையது, அதை விடுங்கள்.) இந்த மனிதரோ என் முதுகை மட்டும்தான் பார்த்திருக்கிறார். நெத்திலி விலை கேட்ட குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டார்!

நான் உடனே திரும்பவில்லை. காரணம், அந்தக் கரகரத்த குரல் எனக்கும் தெரியும்.

"கேலாங் தனசேகர் அண்ணனா?"

நம்மூர்த் தமிழ் வானொலியைக் கேட்காதவர்களுக்கு ஒரு விளக்கம். நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் பேசும் நேயர்களுக்கு வட்டாரப் பெயர்தான் இனிஷியல். ஈசூன் சரோஜா, பிடோக் மைக்கல், தோ பாயோ ராணி அக்கா... ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் யாருக்கு மூட்டுவலி, யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சளி பிடித்திருக்கிறது என்பதெல்லாம் தெரியும். தனசேகர் அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி வெகு காலம் ஆகிறது. இன்றும் பாட்டு கேட்கும்போது "எனக்கும் என் வீட்டுக்காரம்மாவுக்கும்" என்றுதான் கேட்பார்.

"எங்கம்மா போயிட்டீங்க? இத்தன மாசமா குரலையே காணோம். நான் பேப்பர் படிக்கிறதில்ல, என்னென்னமோ நெனச்சிட்டேன்லா."

"என்ன நெனச்சீங்க? போய்ச் சேந்துட்டேன்னா?"

அவர் கையிலிருந்த இறாலைத் திரும்பக் கூடையில் போட்டார். "வாங்கம்மா, ஒரு தே குடிப்போம்" என்றார்.

உணவங்காடிப் பக்கம் போய் உட்கார்ந்தோம். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று நான் சொல்லவே இல்லை. "அவங்களுக்கு தே ஓ கொசோங்" என்று பாலும் சர்க்கரையும் போடாத தேநீரை அவரே சொல்லிவிட்டார். எப்போதோ நீரிழிவு பற்றிய நிகழ்ச்சியில் நான் புலம்பியது ஞாபகம் இருக்கிறதாம். என் சொந்தத் தம்பி போன தீபாவளிக்குக்கூட எனக்கு ஒரு பெட்டி லட்டு கொண்டுவந்தான்.

"ஒவ்வொரு வாரமும் உங்களுக்குன்னு சொல்லித்தான் பாட்டு கேட்டேன். சிராங்கூன் வத்சலா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு சொன்னேன். அந்த அறிவிப்பாளர் பொண்ணுகூட, நாங்களும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்னு சொன்னிச்சே. நீங்க கேக்கலியா?"

கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்? வானொலியையே மூடி வைத்திருந்தேனே...

ஏன் மூடினேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் நித்யாதான் காரணம். அவள் ராஃபிள்ஸ் பிளேஸில் பெரிய மேனேஜர். அவளுக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை செய்கிறது. அப்படிப்பட்டவளுக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். குளியலறையில் பல்லி வந்தால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வாள். அவள் இருப்பது பொங்கோலில். நான் இருப்பது சிராங்கூனில். நான் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? போனிலேயே "சூ... சூ..." என்பேன்.

ஒருநாள் வானொலியில், உங்கள் வீட்டில் யார் எதற்குப் பயப்படுவார்கள் என்று தலைப்பு கொடுத்தார்கள். சும்மா இருப்பேனா? பெயர், பதவி, நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அறிவிப்பாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதே நேரம் நித்யாவோடு வேலை செய்யும் ஒரு பையன் டாக்சியில் போய்க்கொண்டிருந்தான். டாக்சி ஓட்டுநர் தமிழர். அப்புறம் கேட்க வேண்டுமா? மறுநாள் நித்யாவின் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் பல்லி உட்கார்ந்திருந்தது.

"அம்மா, ப்ளீஸ். இனிமே ரேடியோக்கு கால் பண்ணாதே. ஆபீஸ்ல ஃபேஸ் பண்ண முடியல."

மகள் முகம் வாடினால் எந்த அம்மாவுக்குத்தான் பொறுக்கும்? சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது... முடியவில்லை. பந்தியில் உட்கார்ந்துகொண்டு சாப்பிடாமல் மற்றவர்கள் இலையைப் பார்ப்பது போல இருந்தது. அதனால் வானொலியையே மூடிவிட்டேன்.

அந்த வானொலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் குளிர்பதனப் பெட்டிக்கு மேல் இருக்கிறது. அப்பா வாங்கியது. அப்போது நாங்கள் அடுக்குமாடி வீட்டில் பொது நடைபாதையை ஒட்டிக் குடியிருந்தோம். வீட்டில் யாராவது தூசி தட்டுகிறேன் என்று முள்ளைத் திருப்பிவிடுவார்கள். அப்புறம் தமிழைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாதிப் பாட்டு போய்விடும். அப்பா பார்த்தார். அக்காவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, வானொலிக் கண்ணாடியில் தமிழ் நிலையம் வரும் இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். நிலையம் பண்பலைக்கு மாறியபோது பழைய பொட்டைச் சுரண்டிவிட்டுப் புதிய இடத்தில் வைத்தார். நகப்பூச்சு போச்சே என்று அக்கா இரண்டு தடவையும் அழுதாள். பக்கத்து வீட்டு மக்சிக்கின் (மலாய்க்கார அத்தையின்) வானொலி மலாய் நிலையத்தை விட்டு நகராது. அதற்கடுத்த வீட்டில் மாண்டரின், மூலை வீட்டில் ஆங்கிலம். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று தெரியும்.

நம் நிலையத்தின் எண் என்ன என்று கேட்கிறீர்களா? எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்கு எழுத வேண்டியதில்லை. தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேளுங்கள். அந்தச் சாக்கிலாவது இரண்டு தமிழர்கள் நின்று பேசட்டும்.

தேக்காவிலிருந்து வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நித்யா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். நெத்திலிக் குழம்பை ஊற்றியபடியே, நான் மறுபடியும் வானொலிக்குப் பேசப் போகிறேன் என்றேன்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மா, இந்தக் காலத்துல ரேடியோல்லாம் யாரும்மா கேக்குறா? உனக்கு என்ன பாட்டு வேணும்? சொல்லு, நான் பிளேலிஸ்ட் போட்டுத் தர்றேன். ஆப் இருக்கு. வேர்ல்ட்ல உள்ள எல்லா ஸ்டேஷனும் வரும்."

"யாரும் கேக்கலியா? அப்ப ஒன் மேசைக்குப் பல்லி எப்படி வந்துச்சாம்?"

"அம்மா!"

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நம்ம ஸ்டேஷன் நம்பர் என்ன?"

யோசிக்கவே இல்லை. தசமப் புள்ளியோடு பட்டென்று சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நம்பர் தெரிஞ்சா என்னம்மா? பாட்டுக்குத்தானே..."

"பாட்டுக்கு இல்ல நித்யா. நான் பேசலன்னா என்னையத் தேடுறதுக்கு அங்க ஆள் இருக்காங்க."

அவள் முகம் மாறியது. "நான் இல்லியா?" என்றாள். கேட்டபோது குரல் கொஞ்சம் உடைந்தது. 

"நீ தேடுவே. ஏன்னா நான் ஒன் அம்மா. கேலாங் தனசேகர் அண்ணனுக்கு நான் யாரு? நேத்து வரைக்கும் என் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. அவர் எதுக்கு என்னையத் தேடணும்?"

நித்யா குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே இருந்தாள். கைகழுவப் போகும்போது முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"பல்லி மேட்டர் மட்டும் வேண்டாம்."

"அத என்னால கேரண்டி பண்ண முடியாது."

எனக்கு ஒன்று விளங்கவில்லை, வாசகர்களே. வயதானவர்கள் தனியாக இருக்கக் கூடாது, நாலு பேரோடு பழக வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் போஸ்டர் ஒட்டுகிறார்கள். நாங்கள் பழகத்தானே செய்கிறோம்? அடுக்களையில் நின்றபடியே ஈசூனோடும் பிடோக்கோடும் கேலாங்கோடும் பழகுகிறோம். அதற்குப் பெயர் வெட்டிப்பேச்சு, பழைய பஞ்சாங்கம் என்றால் எப்படி? உலகத்து நிலையங்கள் எல்லாம் ஆப்பில் வரும், உண்மைதான். அந்த ஆப்பை நான் ஒரு மாதம் திறக்காவிட்டால் என்ன ஆகும்? பாஸ்வேர்டு காலாவதியாகும். அவ்வளவுதான்! "சிராங்கூன் வத்சலாவைக் காணோமே" என்று எந்த பிளேலிஸ்டாவது ஒரு பாட்டை நிறுத்திக் கேட்டதுண்டா?

ஏங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். இது பழைய நினைவும் இல்லை. நிலையம் அங்கேயே இருக்கிறது. பொட்டும் இருக்கிறது. நான்தான் எழுந்து போயிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் அலுவலகம் போய்ச் சேர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தேன். நித்யாவின் ஆபீசும் கேட்கட்டும் என்று வேண்டுமென்றேதான். லைன் கிடைக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கிடைக்கவில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்பலாமே என்று இளையவர்கள் சொல்வார்கள். மாட்டேன். நான் நுழைய முடியாதபடி இன்னொருவர் அங்கே பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்குச் சந்தோஷம். கடைசியில் மணி அடித்தது. எடுத்தார்கள்.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"சிராங்கூன் வத்சலா."

 அந்த அறிவிப்பாளர் பெண் போட்ட கூச்சல் குளிர்பதனப் பெட்டி மேலிருந்தும் காதில் வைத்திருந்த தொலைபேசியிலிருந்தும் சேர்ந்து கேட்டது. வழக்கம்போல் நான் வானொலிச் சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். நேயர்கள் எல்லோரும் செய்யும் தவறுதான். பேசுபவரின் குரல் வானொலி வழியாகவும் வந்து, இரண்டும் மோதிக் கீச்சென்று கத்தும்.

"அம்மா, ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சிக்கிறீங்களா?"

"குறைக்கிறேன்மா. ஆனா நிறுத்த மாட்டேன்."

"சரிம்மா, சரிம்மா. பாட்டு யாருக்கெல்லாம்?"

"கேலாங் தனசேகர் அண்ணனுக்கு. அவர் வீட்டுக்காரம்மாவுக்கு. இத்தன நாள் என்னையத் தேடுன எல்லா நேயர்களுக்கும். அப்புறம் ராஃபிள்ஸ் பிளேஸ்ல இருக்குற என் மகள் நித்யாவுக்கு. அவ ஆபீஸ்ல வேல செய்ற எல்லாருக்கும். முக்கியமா, அவ மேசை மேல ஒக்காந்திருக்கே, அந்தப் பல்லிக்கும்."

பாட்டு முடிவதற்குள் என் கைப்பேசி அதிர்ந்தது. நித்யா. நான் எடுக்கவில்லை. கோபமாக இருந்தால் இருக்கட்டும்... என்னை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று அவளுக்குத் தெரியும், தசமப் புள்ளியோடு.