முறை மாறித் திறந்த தண்ணீர்

ஆடிப் பதினெட்டு அன்று வெயில் ஏறுவதற்கு முன்னால் வேல்குமார் ரிக் வண்டி ஏறிப் போனான். வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் முறை பார்க்காமல் எல்லா வீதிக்கும் தண்ணீர் விடுவார்கள். வாசலுக்கு வாசல் குடங்கள் காத்து நின்றன. தண்ணீர் திறந்து விடுகிறவன் ஊரை விட்டுப் போக அந்த நாளைத்தானா பார்த்தான் என்றால், ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிக்கு ஆடியும் ஆவணியும் ஒன்றுதான். சத்தீஸ்கருக்குப் புறப்பட்ட லாரி பல்லடம் சாலையில் அவனுக்காக ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

அவன் மனைவி சித்ராதேவி துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவன் பையை வாங்கிக்கொண்டு, கையிலிருந்த நீள இரும்புச் சாவியை அவளிடம் நீட்டினான். வீதி முனைக் குழிகளுக்குள் இருக்கும் வால்வைத் திருகுகிற சாவி அது. தலைப்பக்கம் குறுக்குக் கம்பி வைத்தது, அவள் தோள் உயரம் வரும்.

"ரெண்டு மாசந்தான் சித்ரா. ஆபீஸ்ல கேட்டா வயித்து வலின்னு சொல்லிரு."

"ரெண்டு மாசமும் வயித்து வலியா?"

"நடுவுல காய்ச்சல்னு மாத்திக்க. வேலய மட்டும் உட்றாத. உட்டா, அந்தக் கவுன்சிலரு பொங்கியண்ணன் அவரு ஆள உள்ள தள்ளிப்போடுவாரு. அப்பறம் நமக்கு இந்த ஊர்ல ஒண்ணுமில்ல."

லாரி கிளம்பியது. அவள் கையசைக்கவில்லை. இரண்டு கையிலும் சாவி இருந்தது. அழுவதா, ஆத்திரப்படுவதா என்று யோசிக்கவும் விடாமல் முனையிலிருந்து வேலாத்தாள் கத்தினாள். அங்கே இட்லிக்கடை போட்டிருப்பவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"ஏ சித்ரா! உன்ற புருசன் எங்க? நோம்பியும் அதுவுமா தொண்டை நனைக்கத் தண்ணியில்ல!"

சித்ராதேவி போய்க் குழியின் மூடியை நகர்த்தினாள். கரப்பான்கள் சிதறி ஓடின. புருஷன் திருகுவதைச் சோறு கொண்டுபோன நாட்களில் பார்த்திருக்கிறாள், தொட்டதில்லை. முழு உடம்பையும் கொடுத்துத் திருப்பினாள். பூமிக்குள் ஏதோ இருமுவது போலக் கேட்டது. பிறகு வீதி முழுக்கக் குழாய்கள் சீறின. வேலாத்தாள் குடத்தை வைத்துவிட்டு அவளையே பார்த்தாள், விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் வந்து வேல்குமார் எங்கே என்று கேட்டாலும் வேலாத்தாள்தான் முந்திக்கொள்வாள்: "இப்பத்தானுங்க டீ குடிக்கப் போனாரு."

திருப்பூரை ஒட்டிய சிறு நகராட்சி அது. மேல்நிலைத் தொட்டியில் ஏறும் தண்ணீர் எல்லோருக்கும் ஒரே நாளில் போதாது. ஆகவே வீதிக்கு வீதி முறை. முறையை மாற்றச் சொல்லிச் சண்டை வராத வாரமில்லை. ஆனால் சண்டையே வராத ஒரு விதிவிலக்கு உண்டு. எழவு விழுந்த வீட்டுக்கு முறை கிடையாது. பிணத்தைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்கள் தலை முழுக வேண்டும், வீடு கழுவ வேண்டும். ஆள் வந்து சொன்னால் போதும், அந்த வீதிக்குத் திறந்துவிட வேண்டும். இது எந்த உத்தரவிலும் இல்லை. எந்தக் கவுன்சிலரும் இதை மாற்ற நினைத்ததில்லை.

சித்ராதேவிக்கு அதுவரை வாழ்க்கை பனியன் கம்பெனிக்குள்தான் ஓடியது. தாவணி கட்டிய வயதில் தையல்காரர்களுக்குத் துணி கைமடித்துக் கொடுக்கப் போனவள், கல்யாணத்துக்குப் பின் செக்கிங்கில் நின்றாள். குழல் விளக்கின் கீழே துணியில் ஓட்டை தேடித் தேடியே கண் எரிந்த வருடங்கள். மகள் தேஜஸ்ரீயைக் கோபியில் விடுதியில் சேர்த்ததும் அந்தச் சம்பளத்தில்தான். இப்போது விடியலில் ஆளற்ற வீதியில் சாவியைத் தோளில் போட்டு நடந்தாள். அவள் வந்தால் வீடுகளில் விளக்கு எரிந்தது. திட்டினார்கள், கெஞ்சினார்கள், காப்பி கொடுத்தார்கள். ஐப்பசி பிறந்தபோது ஒன்று அவளுக்கே தெரிந்துபோயிற்று. புருஷனுக்காகக் காத்துவைத்த வேலையை அவன் திரும்பி வந்தாலும் அவனிடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அவன் சொன்ன இரண்டு மாதமும் கடந்திருந்தது. போனில் கேட்டால், "இன்னொரு போர் பாயிண்ட் முடிஞ்சதும் வந்தர்றேன்" என்பான்.

குடிநீர் மேற்பார்வையாளர் சகாயராஜுக்கு முதல் வாரத்திலேயே விஷயம் தெரியும். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். தினமும் பைக்கில் வந்து ஒப்பந்த ஆட்களுக்கு வருகை போட்டுப் போவார். அவள் கையில் சாவியைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, "ஏம்மா, ஒம் புருஷன் எங்க?" என்றார்.

"வயித்து வலிங்க சார்."

"எனக்கும் வயித்து வலி வரும் போலுக்கு." சுற்றும் முற்றும் பார்த்தார். "நான் கேக்கல, நீ சொல்லல. தண்ணி ஒழுங்கா வரணும். ஒரு புகார் வந்துச்சு, ரெண்டு பேரும் காலி."

அந்தப் புகார் எங்கிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்தாள்.

கார்த்திகையில் அந்த நாள் வந்தது. கவுன்சிலர் பொங்கியண்ணனின் மகள் அனுப்பிரியாவுக்கு மறுநாள் கல்யாணம். வீடு நிறைய ஒறம்பரைச் சனம். முறைப்படியும் அன்று அவருடைய மேட்டு வீதிக்குத்தான் தண்ணீர். இருள் பிரியும்போது சித்ராதேவி திறந்துவிட்டு, குழி ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அப்போது கீழ்ச்சந்திலிருந்து ராம்பிரவேஷ் வந்தான். பீகார்க்காரன், பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மெஷினில் தைக்கிறவன். அவனும் அவன் ஊர்க்காரர்களும் அந்த முட்டுச்சந்தில் உள்ள ஒரே லைன் வீட்டுக் காம்பவுண்டில் இருந்தார்கள். செருப்பில்லாமல் வந்து நின்றான்.

"அக்கா, அப்பா போயிட்டாரு."

"எங்க போயிட்டாரு?" என்று கேட்டுவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து எழுந்தாள்.

"ஊர்ல. இப்பதான் போன் வந்துச்சு. நான் போய்ச் சேர முடியாது, அதுக்குள்ள எரிச்சிருவாங்க. நாங்க எல்லாம் ஒரே ஊரு, ஒரே சொந்தம். கேட்டா உடனே குளிக்கணும். குளிக்காம அடுப்பு பத்த வைக்கக் கூடாது. போர்ல தண்ணி இல்ல அக்கா. ட்ரம்முல ஒரு மக்கு கூட இல்ல."

சந்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஆண்கள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பல்கூட விளக்கவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிரதான குழாய். பள்ளத்துக் கீழ்ச்சந்துக்குத் திறந்தால் மேட்டுக்கு ஏறாது. மேட்டை அடைத்தால் கவுன்சிலர் வருவார். வந்தால் முதல் கேள்வி வேல்குமார் எங்கே என்பதுதான். அவளுக்கு இதெல்லாம் ஒரே நொடியில் ஓடியது. இட்லிச் சட்டியின் ஆவிக்குப் பின்னாலிருந்து வேலாத்தாள் குரல் கொடுத்தாள்.

"கண்ணு, கல்யாண ஊட்டுத் தண்ணி அது. பாத்துக்க."

"எழவுக்கு முறையில்லையேக்கா."

"அது சரி. ஆனா இது பொணமில்லாத எழவாட்டமிருக்குதே."

சித்ராதேவி மேட்டு வீதியை அடைத்துவிட்டு, கீழ்ச்சந்தின் குழிக்குப் போய்த் திருகினாள்.

பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சந்துக்குள் ஆண்கள் உடுத்திய துணியோடு, ஒருவர் பின் ஒருவராகக் குழாயடியில் உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, என்ற ஊட்டுத் தொட்டியில அடி நனையறதுக்குள்ள யாரு அடைச்சது?"

"எழவு ஊடுங்ணா. அதான் இங்க திறந்துருக்குதுங்க."

"யாரு செத்தது?"

"ராம்பிரவேஷோட அப்பனுங்க."

"பொணம் எங்க?"

"பீகார்லீங்க."

இட்லிக்குக் காத்திருந்த ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். கவுன்சிலருக்கு அதில் கோபம் இரட்டிப்பானது.

"பீகார்ல செத்தவனுக்கு இங்க வால்வு திருகறதா? இந்தச் சந்துல இருக்கற அத்தன பேருக்கும் அங்க அப்பன் ஆத்தா இருக்குது. நாளைக்கொருத்தன் போன் வந்துச்சும்பான். வருசம் பூரா எழவு, நாங்க எச்சியில மூஞ்சி கழுவிக்கறதா?"

"சாவு அங்கீங்ணா. சேதி இங்க வந்துருக்குது. சேதி கேட்டவங்க தல முழுகோணுங்கறது நம்ம பழக்கமும்தானுங்க? உங்க பங்காளி கோயமுத்தூர்ல போனாரு, அங்கியே எரிச்சாங்க. இங்க பொணம் வந்துச்சுங்களா? சேதி கேட்டு உங்க வீதியே முழுகுச்சு. அன்னைக்கு முறை மாத்தித் திறந்தது என்ற ஊட்டுக்காரருதானுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொங்கியண்ணன் அதையே பிடித்துக்கொண்டார்.

"ஆமா, அவன எங்க? எனக்குப் பொம்பளகிட்டப் பேச்சில்ல. வேல்குமாரக் கூப்புடு."

"இப்பத்தானுங்க டீ குடிக்கப் போனாரு" என்றாள் வேலாத்தாள்.

"போன வாரம் என்ற மச்சான் கேட்டப்பவும் டீ. தீவாளிக்குக் கேட்டப்பவும் டீ. அவன் டீயக் குடிக்கறானா, டீக்குள்ள குடியிருக்கறானா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ராம்பிரவேஷ் ஈரத் துணியோடு வந்து அவள் அருகில் நின்றான். அவளுக்கு ஒரு பொய் கைவசம் இருந்தது: காய்ச்சல். அதைச் சொல்லியிருக்கலாம்.

"அவரு இல்லீங்ணா. ஆடிப் பதினெட்டோட ரிக் வண்டிக்குப் போயிட்டாரு. அன்னையிலருந்து தண்ணி உடறது நாந்தானுங்க. உங்க ஊட்ல குடிச்சது, குளிச்சதெல்லாம் நான் திருகுன தண்ணி."

பொங்கியண்ணன் போனை எடுத்தார். சகாயராஜ் சட்டைப் பித்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"என்னய்யா, நகராட்சில யாரு வேணும்னாலும் வால்வ திருகலாமா?"

"திருகக் கூடாது சார்." சகாயராஜின் மேலுதட்டில் வியர்வை நின்றது. "நீங்க புகாரா எழுதிக் குடுங்க சார். யாரு மேலன்னுதான் பாக்கணும். வேல்குமார் மேலன்னா, ஆளு இங்க இல்ல. இந்தம்மா மேலன்னா, இவுக நம்ம ஆளே இல்ல. நம்ம ஆளா இல்லாதவுகள நாம எப்படி சார் வேலைய விட்டு நிறுத்துறது?"

"அப்ப இவ யாரு?"

"அதுதான் சார் எனக்கும் வெளங்கல."

பொங்கியண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வீட்டிலிருந்து போன் வந்தது. பந்தல்காரனோ சமையல்காரனோ கத்துவது வெளியே கேட்டது. "லாரித் தண்ணிக்குச் சொல்லு" என்று போனில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். "கல்யாணம் முடியட்டும். ஆபீஸ்ல பேசிக்கறேன்."

அவர் போன பிறகு சகாயராஜ் கையை நீட்டினார். "சாவியக் குடும்மா. அவன் வந்தான் வந்தான்னு நானும் ரிஜிஸ்டர்ல போட்டுக்கிட்டே இருந்திருக்கேன். என் பொழப்பும் இதுல மாட்டிருக்கு."

"புது ஆளு வரட்டுங்க சார். அவரு கைல குடுக்கறேன். சந்துல இன்னும் குளிச்சு முடிக்கல."

சகாயராஜ் நீட்டிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த நாட்கள்தான் மோசம். விடியலில் குழியை நோக்கி நடக்கும்போதெல்லாம் அங்கே புது ஆள் நிற்பானோ என்று தூரத்திலேயே தேடினாள். ஒருநாள் நிஜமாகவே நின்றான். மகுடேஸ்வரன், கவுன்சிலரின் தூரத்துச் சொந்தம், இஸ்திரி கலையாத பேண்ட் போட்டவன். சொன்ன சொல்லுக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வேலாத்தாள் சாவியைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டாள்.

"ஓடிப்போயிட்டான். தண்ணி நின்னதும் வீதிப் பொம்பளைங்க அவனப் பெத்தவளையெல்லாம் இழுத்துட்டாங்க. நான் கொஞ்சமாத்தான் பேசுனேன்."

சித்ராதேவி மறுபடி திருகப் போனாள். ஆபீஸில் விசாரிப்பதாகச் சொன்னார்கள், விசாரித்துக்கொண்டே இருந்தார்கள். அவள் வேலைக்காரியா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. நடந்ததை வேல்குமாரிடம் போனில் சொன்னபோது, "வாய வெச்சுட்டுச் சும்மா இருந்திருக்கலாமில்ல? என்ற வேலயக் கெடுத்துட்ட" என்று கத்தினான். அதன்பின் அவன் கூப்பிடவில்லை. ராம்பிரவேஷ் பத்தாம் நாள் மொட்டையடித்துக்கொண்டான். அடுத்த முறைத் தண்ணீருக்கு வழக்கம்போல, "ஸ்பீடு கம்மி அக்கா" என்று குறை சொன்னான். அவள் இன்னொரு திருகு திருகினாள்.

தை போயிற்று, மாசி போயிற்று. பங்குனியில் ஒரு சாயங்காலம், மேட்டு வீதிக்குத் திறந்துவிட்டு நிழலில் நின்றபோது சகாயராஜிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னால் ஆபீஸ் மின்விசிறியின் கடகடப்பு. அவசரமாக, தாழ்ந்த குரலில் பேசியிருந்தார்.

"ஏம்மா சித்ரா, புது ஒப்பந்தத்துல ஒம் பேரு ஏறிருச்சு. கையெழுத்தாயிட்டு, இனி யாரும் மாத்த முடியாது. ஒம் புருஷன் இன்னைக்கு ஆபீஸுக்கு வந்திருந்தான். வேலையத் திருப்பிக் கேட்டான். ஆளு இருக்குன்னுட்டேன். யாருன்னான், சொன்னேன். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான். வீட்டுக்குத்தான் வாரான்னு நெனக்கேன். பாத்துக்கிடு. அப்புறம், நாளைக்குத் தொட்டி கழுவுறோம். கீழ்ச்சந்துக்கு இன்னைக்கே தண்ணி விட்டுரு."