மேரி அடி, மேரி குடி, மேரி ஃபிட்ஸ்

சபையாரே, கோபம் தணியாமலேதான் இந்தச் சாட்சியைச் சொல்ல வந்திருக்கிறேன். தணிந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் என் ஆயுசுக்கும் சொல்ல முடியாது.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு மேற்பார்வை. நம் பெண்கள் ஜெபக்குழுவுக்கும் நான்தான் பொறுப்பு. மொபைல் வந்த புதிது. ஜெபக் குறிப்புகளை எல்லோரும் எனக்கு மெசேஜில் அனுப்புவார்கள். குழுவில் மட்டும் ஐந்து மேரி. யார் எந்த மேரி என்று குழம்பியதால், அவரவர் பாரத்தையே பெயரோடு சேர்த்துப் பதிந்து வைத்தேன். புருஷன் குடிக்கிறவள் மேரி குடி. வலிப்பு வருகிறவள் மேரி ஃபிட்ஸ். புருஷன் அடிக்கிறவள் மேரி அடி. ஜெபிக்கும்போது மறக்காமல் இருக்கிறதே என்று எனக்குப் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஏறுகிற நெரிசலில் எவனோ என் கைப்பையைக் கிழித்து போனை எடுத்துவிட்டான். பாழாய்ப் போகிறவன்! பைபிளை விட்டுவிட்டு போனை எடுத்திருக்கிறான்.

போன் போனதுகூடப் பெரிதில்லை. அதற்குள் மேரி அடி காலையில் அனுப்பிய மெசேஜ் இருந்தது. 'அக்கா, நாளைக்கு அவர் வேலைக்குப் போனதும் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். ஜெபியுங்கள்.' அவள் அனுப்பியது புருஷனுடைய போனிலிருந்து. அனுப்பியதும் அழித்துவிட்டாள். அந்த வீட்டில் இருப்பது அந்த ஒரு போன்தான். அது எப்போதும் அவன் சட்டைப்பையில் கிடக்கும். அதற்கு முந்தின வருஷம் அவள் கையை உடைத்தவன் அவன்.

ஒரு ரூபாய் காசு போடும் போன் பெட்டியிலிருந்து என் நம்பருக்கே அடித்தேன். திருடன் எடுத்தான்.

"இன்னாக்கா, ஃபோனுக்குள்ள ஆஸ்பத்திரியே வச்சினுகீறே? ஃபிட்ஸு, குடி, அடின்னு ஒரே பேஜாரா கீது."

கெஞ்சினேன். "தம்பி, ஃபோன நீயே வச்சிக்கோ. காலைல வந்த மெசேஜ மட்டும் அழிச்சிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

அங்கேதான் நான் கெட்டேன். எது முக்கியம் என்று நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

"அப்டியா? சோறு துன்னுட்டு வந்து அவளுக்குத்தான் மொதல்ல அடிக்கப் போறேன்" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

மேரியின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. நேரே போகலாம் என்றால், என்னை அவள் வாசலில் பார்த்தாலே அவள் புருஷன் அரிவாளைத் தூக்குவான். மொபைல் கடைக்கு ஓடினேன். சிம்மை நிறுத்த வேண்டும் என்றால் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சொல்ல வேண்டும் என்றான் கடைக்காரன். என் சிம் யார் பெயரில்? சாமுவேல் சார் பெயரில். எங்கள் கம்பெனியில் வேன்களுக்குப் பொறுப்பானவர். லைன் ஆட்களுக்கெல்லாம் தன் ரேஷன் கார்டைக் காட்டி மொத்தமாக சிம் வாங்கிக் கொடுத்தவர்.

இவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, பெண்கள் ஜெபக்குழு நடத்துவது ஊர்வம்பு என்று சொன்ன மகான். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை.

ரோட்டில் நின்றுகொண்டே ஜெபித்தேன். மரியாதையான ஜெபம் இல்லை. 'ஆண்டவரே, அந்தத் திருடனுக்குத் தொண்டையில் சோறு அடைக்கட்டும். மேரியைக் காப்பாற்றும். ஆனால் என்னைச் சாமுவேல் வாசலுக்கு மட்டும் அனுப்பாதேயும்' என்றேன். வேறு வழி திறக்கவில்லை. வயிறு எரிய அந்த வாசலுக்கே போனேன்.

அவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஒரு சிம்முக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? வேற வாங்கிக்கோம்மா" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? கத்திவிட்டேன். மேரி பெயரை எப்படிப் பதிந்தேன், மெசேஜில் என்ன இருக்கிறது, எல்லாம் வெளியே வந்துவிட்டது. ஊர்வம்பு என்று அவர் சொன்னதற்கு நானே அத்தாட்சி கொடுத்தேன். இப்போது சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். கஸ்டமர் கேருக்கு அடித்து சிம்மை நிறுத்தச் சொன்னார். நிற்பதற்குக் கொஞ்ச நேரமாகும் என்றார்கள்.

"அதுக்குள்ள அந்தத் திருடன் ஃபோன் அடிச்சிட்டான்னா?" என்று அழுதேன்.

அவர் மனைவியைப் பார்த்து, "வேன் சாவிய எடு" என்றார்.

மேரியும் எங்கள் கம்பெனிதான். நம் பக்கத்தில் சரக்கு அனுப்பும் ஷிப்மெண்ட் நாள் நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமையும் ஆள் ஏற்ற வேன் வீடு வீடாகப் போகும். ஓவர்டைம் என்றால் எந்தப் புருஷனும் தடுக்க மாட்டான். மேரி வீட்டுத் தெருவில் என்னை வேனின் பின்சீட்டில் குனிந்து உட்காரச் சொல்லிவிட்டு, இவர் வாசலில் போய் நின்றார்.

"ஷிப்மெண்ட் நாளைக்கே போவுணும்பா. மேரிய அனுப்பு. பசங்கள கம்பெனி க்ரெச்ல வுட்டுக்கலாம்."

"காசு ஜாஸ்தி குடுப்பாங்களா சார்?" என்றான் அவன்.

"குடுப்பாங்க, குடுப்பாங்க. நேரமாவுது."

சாமுவேல் சார் பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.

மேரி இரண்டு பிள்ளைகளோடு ஏறினாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சார் வண்டியைக் கிளப்பினார். அப்போது அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. மேரி பெரிய பிள்ளையின் காதைப் பொத்தினாள்.

"எவன்டா நீ? எந்த மெசேஜு? எந்த மேரி?" என்ற அவன் கூச்சல் தெருமுனை வரை கேட்டது. வேனுக்குப் பின்னால் ஓடி வந்தான். எட்டவில்லை.

ஆற்காடு தாண்டிக் காவேரிப்பாக்கத்தில் அவளை அம்மா வீட்டில் சேர்த்தோம். அவள் அண்ணன்கள் வாசலிலேயே காவல் நின்றார்கள். அந்த வீட்டுப் படியை அவன் இன்றுவரை மிதிக்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள். அவள் பிள்ளைகள் படிக்கிறார்கள். கர்த்தர் செய்தார். போன் வருவதை அவர் நிறுத்தவில்லை, அதற்கு முன்னாலேயே மேரியை வெளியே கொண்டுவந்தார்.

மற்ற மேரிகளின் வீட்டுக்கெல்லாம் நானே நடந்துபோய் விஷயத்தைச் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். சாமுவேல் சார் இன்றைக்கும் என் குழுவைப் பற்றி முணுமுணுக்கிறார். நானும் விடுவதில்லை. ஆனால் தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். திருடனுக்காக என்ன ஜெபிக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

அன்பானவர்களே, உங்களை நம்பி ஒருவர் சொன்னது உங்கள் போனில் கிடந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். பூட்டு எண் போடுங்கள். சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அதற்கு மேல் நம் கை எட்டாது. எட்டாத இடத்தில் அவரை நம்புங்கள். பிடிக்காதவன் வாசலுக்கு அவர் அனுப்பினாலும் போங்கள்.

இப்போது என் போனில் ஐந்து பேரும் வெறும் மேரிதான். ஒருத்திக்கு அடித்தால் இன்னொருத்தி எடுக்கிறாள். எந்த மேரி என்று நான் கேட்பதில்லை. "சொல்லு மேரி, உனக்கு என்ன ஜெபிக்கணும்?" என்றுதான் கேட்கிறேன்.