லைன் வீட்டுக் கிணற்றைத் தேடிய அப்பா

"இடிச்சி வாரிக்கிட்டுப் போன கட்டடத்தத் தேடத்தான் காலேஜுக்குப் போனியா?" என்று சித்தப்பா ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டமும் வாங்கினேன். அந்தக் கேலி உறைத்தது. ஆனாலும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அப்பாவுடன் போனேன்.

அப்பா பிறந்தது சின்னபாபுசமுத்திரத்துக்கு அருகில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கரும்பு வெட்டி, செங்கல் சுமந்து, பிறகு ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் வேலைக்கு வந்தார். அது மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதைக் காலம். புதுச்சேரி ஸ்டேஷனைத் தாண்டித் தொழிலாளர்களுக்கான ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்தன. லைன் வீடு என்பார்கள். அப்பாவும் அம்மாவும் குடித்தனம் தொடங்கியது அங்கேதான். அக்கா பிறந்ததும் அங்கேதான். நான்கு வயதில், வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் விழுந்து இறந்து போனாள். வேலையில் இருந்த அப்பா, செய்தி கேட்டுத் தண்டவாளத்தின் மேலேயே ஓடி வந்தாராம். நான் அதற்குப் பிறகு பிறந்தவள்.

இப்படிப் போய்விட்ட பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். வீட்டில் நல்ல காரியம் என்றால், முதலில் குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பெயர் சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அகல ரயில் பாதை வந்தபோது லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். கிணறும் தூர்ந்தது. நாங்கள் முத்தியால்பேட்டைக்கு வாடகைக்கு வந்தோம்.

"வேற தண்ணிக்கெல்லாம் அவ வரமாட்டா. உழுந்த எடத்துலேர்ந்துதான் கூப்புடணும்" என்பார் அப்பா. அதனால் அக்காவை ஒருமுறைகூட அழைக்கவில்லை. என் காதுகுத்தும் அவளில்லாமல்தான் நடந்தது. அன்று அப்பா சாப்பிடவில்லையாம்.

உடம்பு முடியாமல் வேலையை விட்ட பிறகு அவர் அந்த இடத்தைத் தேடத் தொடங்கினார். தண்ணீர்த் தொட்டியின் தூண் அடிக்கட்டை கிடைத்தது. சரக்குக் கொட்டகையின் கருங்கல் படி கிடைத்தது. கிணறு மட்டும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு எல்லா அளவும் தண்டவாளத்திலிருந்துதான். அங்கிருந்து நடந்து வந்து, "இங்கதாம்மா, குத்து" என்பார். குத்துவேன். வெறும் மண்தான் வரும். "அப்ப நான் பொய் சொல்றனா?" என்று என்மேல் எரிந்து விழுவார்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது, நான் அம்மாவை லைன் வீடு இருந்த இடத்துக்கு அழைத்துப் போனேன். தாங்கமாட்டார் என்று அப்பா அவரை அந்தப் பக்கம் விட்டதேயில்லை. அம்மா தண்டவாளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. தொட்டித் தூணின் அடிக்கட்டையருகே நின்று திசை பார்த்தார். பிறகு செடிகளுக்குள் நடந்து, காலால் மண்ணைத் தள்ளினார். சிவப்புச் சிமெண்ட் தரை தெரிந்தது. அதில் அம்மி பதித்திருந்த பள்ளமும் இருந்தது.

"இது என் அடுப்படி. பின்வாசல் இப்புடி. கெணறு தோ, அங்க."

அப்பா தோண்டிய இடங்களிலிருந்து அது வெகுவாகத் தள்ளி இருந்தது. குத்தினேன். கடப்பாரை கிணற்றின் செங்கல் வளையத்தில் இடித்தது.

அகலப் பாதை போடும்போது தண்டவாளத்தையே பழைய இடத்திலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்கள். தள்ளிப் போட்டவர்களில் அப்பாவும் ஒருவர். தம் கையால் நகர்த்தியதையே நகராத அடையாளமாக நம்பி, அத்தனை காலம் தேடியிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. "பாப்பா கெணறு கெடச்சிடுச்சிங்க" என்று அம்மா அவர் காதில் சொன்னார். அவருக்குக் கேட்டதற்கு அடையாளமாக ஓர் அசைவும் இல்லை. மறுநாள் காலை அப்பா எங்களை விட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த ஆட்டோக்கார அண்ணன், தூக்கிச் செல்லத் தோள் கொடுத்த அப்பாவின் கேங் நண்பர்கள், கருமாதிவரை எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டு வந்த தெருப் பெண்கள், முன்நின்று எல்லாம் செய்த சித்தப்பா, இவர்களுக்கு அம்மாவும் நானும் கைகூப்புகிறோம்.

வருடம் நிறையும் தலைத்திவசத்தில் அப்பாவோடு அக்காவுக்கும் இலை போட வேண்டும் என்றார் அம்மா. தூர்ந்த கிணற்றில் தண்ணீர் ஏது? அதை ஒட்டிய டீக்கடையில் போர்க்குழாயில் தண்ணீர் வருகிறது; அதே நிலத்து ஊற்றுதான். போன வெள்ளிக்கிழமை குடத்தோடு போனேன்.

"பூவெல்லாம் சுத்தியிருக்க, எதுக்கும்மா?" என்று கடைக்காரப் பெண் கேட்டார். சொன்னேன். மோட்டாரைப் போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

கிணறு இருந்த இடத்தில் நின்று அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குடத்தை வழியில் எங்கும் இறக்காமல் முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்து, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.