ஜெனிற்றாவின் ஊர்ப்பெயர்

போன கிழமை மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் உள்ள தமிழ்க் கடைக்குப் போயிருந்தேன். "மன்னார்க் கருவாடு வந்திருக்கு அண்ணை, எடுங்கோ" என்றார் கடைக்காரர். எடுக்கவில்லை. அந்த மணம் எனக்கு எங்கள் பத்திரிகையைத்தான் நினைவூட்டும்.

இரண்டாயிரங்களில் இங்கே கனடாவில், மொன்றியலில் நாங்கள் சில நண்பர்கள் ஓர் இலவச வாரப் பத்திரிகை நடத்தினோம். கடைகளில் கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் அதை வைக்க இடம் கிடைத்தது. வாசகர்கள் மணத்தை வைத்தே எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பகிடி விடுவோம். ஆசிரியர் என்று எனக்கொரு பட்டம். பனியில் கட்டுகளைக் காரில் ஏற்றி இறக்கியதும் நான்தான்.

ஜெனிற்றா எங்கள் மாதா கோவில் பங்கைச் சேர்ந்த பிள்ளை. மன்னாரில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவள். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் எழுதத் தொடங்கி, நீதிமன்றச் செய்திகளுக்குப் போய், பிறகு பொஸ்டனில் பெரிய நாளிதழ் ஒன்றில் சேர்ந்தாள். "பேர் பிழைச்சால் செத்தவனே எழும்பி வந்து சண்டை பிடிப்பான் அங்கிள்" என்று சிரிப்பாள்.

ஊரில் போர் முற்றியபோது, காணாமல்போனவர்களைப் பற்றி எழுதினாள். கணவனின் அமெரிக்கக் குடும்பப் பெயரில்தான் எழுதினாள். அவளுடைய சித்தப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னாரிலேயே இருந்தார். அவளுக்கு விவரம் சொன்னவரும் அவர்தான்.

அந்தக் கட்டுரைகளுக்காக அவளுக்கு ஒரு விருது கிடைத்தது. தொலைபேசியில் வாழ்த்தினேன்.

"செய்தி போடுங்கோ அங்கிள். ஆனா ஊர், சொந்தம் ஒண்டும் வேண்டாம்."

"ஓம் பிள்ளை."

எழுத உட்கார்ந்தபோது மனம் கேட்கவில்லை. அமெரிக்கப் பெயரோடு ஒரு பெண்ணின் படத்தைப் போட்டால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது "ஆற்றை பிள்ளை?", யாருடைய பிள்ளை என்றுதான். அவள் எங்களவள் என்று காட்ட எனக்கு ஆசை. மன்னாரைப் பிறப்பிடமாகக் கொண்டவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் இன்னாரின் பெறாமகள் என்று வழக்கம்போல எழுதினேன். சித்தப்பாவின் பெயரைத் தடித்த எழுத்தில் போட்டேன். இணையத்திலும் ஏற்றினோம்.

கொஞ்ச நாளில் மன்னாரில் மோட்டார் சைக்கிளில் யாரோ வந்து, எங்கள் செய்தியைக் காட்டிச் சித்தப்பாவை மிரட்டிவிட்டுப் போனார்கள். அவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்.

ஜெனிற்றா அழைத்தாள்.

"ஏன் அங்கிள் போட்டனீங்கள்?"

"ஊர் போடாமல் என்னெண்டு பிள்ளை..."

"நீங்கள் எழுதினதில ஒரு பிழையும் இல்லை. பேர்கூடச் சரி."

சித்தப்பா அகதி முகாமிலேயே இறந்துபோனார். அவள் அதன்பிறகு ஊரைப் பற்றி எழுதவில்லை. பொஸ்டன் நகரசபைச் செய்திகளோடு நின்றுகொண்டாள். என்னோடும் கதைக்கவில்லை.

பத்திரிகை நின்று கனகாலம். கடையில் அதை வைத்த இடத்தில் இப்போது அரிசி மூட்டைகள். மன்னாரில் அந்த வீடு கூரையில்லாமல் கிடக்கிறதாம். போன கிழமை அந்தக் கடையில் நான் காசு கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பெண்ணிடம் ஒரு கிழவர் உரிமையோடு கேட்டார்: "ஆற்றை பிள்ளை நீ?"

அவள் வாய் திறக்குமுன் நான் வெளியே வந்துவிட்டேன்.