காயாத கறுப்பு

சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் ஒரு காரோடு வந்து நின்றார். ராணுவம் கழித்துப் போட்ட வண்டிகளைப் பட்டணத்தில் ஏலம் விட்டார்களாம். உடம்பெல்லாம் ஒடுக்கு, நிறம் மாட்டுச் சாணிப் பச்சை. திருத்தணி ஸ்டேஷன் வாசலில் அதை வாடகைக்கு நிறுத்தினால், ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் பார்த்ததுமே ஜட்கா பக்கம் ஒதுங்கினார்கள். அந்த நிற வண்டி வந்தாலே பெண்பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திப் பழகிய ஊர். சண்டை முடிந்தாலும் பயம் முடியவில்லை.

மார்கழி பிறந்தபோது அவர் பொறுமை இழந்தார். கூட இருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் பம்பாயில் டிரைவர் வேலை காலியிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தை மொத முகூர்த்தத்துக்கும் வண்டி ஓடலன்னா, வித்துட்டு பம்பாய்க்குப் போறேன். ஊட்ல குந்திகினு சோறு துன்ன என்னால முடியாது" என்றார்.

கல்யாணமான சுருக்கில் பட்டாளத்துக்குப் போனவர் அவர். உயிரோடு வருவாரா என்று பயந்து பயந்தே என் இளமையில் பாதி போயிற்று. மறுபடியும் அவரை ரயிலேற்றிவிட்டுத் தனியாக வீடு திரும்ப எனக்குத் தெம்பில்லை. அதை அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அத்தை மகன்தான், கல்யாணத்துக்கு அப்புறமும் 'பாவா' என்றுதான் கூப்பிடுவேன். ஆனாலும் சில பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

நல்லவேளை, பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த ஒருவர் வந்தார். தை முதல் முகூர்த்தத்தில் அவர் மகளுக்கு மலைமேல் கல்யாணம். விடியற்காலையில் பெண்ணை மலையடிவாரம் கொண்டுவந்து சேர்க்க வண்டி வேண்டும். ஒரே நிபந்தனை, அந்தப் பட்டாளத்து நிறம் இருக்கக்கூடாது. என்ன நிறமானாலும் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

சைக்கிளுக்கும் ட்ரங்குப் பெட்டிக்கும் பெயிண்ட் அடிக்கிற ஒருவரை அரக்கோணத்திலிருந்து வரவழைத்தோம். மற்ற நிறமெல்லாம் யானை விலை, குதிரை விலை. எங்களுக்குக் கட்டுப்படியானது கறுப்பு ஒன்றுதான். அந்தக் கறுப்பிலும் இரண்டு வகை. ஒரு தகரத் துண்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பூசிக் காட்டினார்.

"இது மங்குனது. ஒரே ராத்திரில காஞ்சிடும், ஒடுக்கும் வெளிய தெரியாது. இது பளபளன்னு இருக்கும். ஆனா நகத்தளவு ஒடுக்கு இருந்தாலும் காட்டிக் குடுத்துடும். ஒடுக்குல பட்டி வெச்சி அடைச்சி தேய்க்கணும், காயறதுக்கும் நாளாவும். பனி வேற கொட்டிகினு இருக்குது."

"மங்குனதே அடிப்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா பாவா இது, அடுப்புக்கரி பூசுனாப்புல கீது! இதுல எந்தக் கல்யாணப் பொண்ணு ஏறுவா? சித்தூர் கலெக்டர் வண்டியும் கறுப்புதான். அத்த ஏன் ஊரே வாயப் பொளந்து பாக்குது? பளபளப்புதான்."

"நாளு இல்ல மே."

"நான் தேய்க்கிறேன்."

தேய்த்தேன். பட்டி வைத்த இடமெல்லாம் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி எரிந்தது. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டேன். புழுதி கிளம்பாமல் தரையை நனைத்து, சுற்றிலும் பழைய வேட்டிகளைக் கட்டி, அவர் காலால் பம்பை மிதிக்க, பெயிண்டர் ஸ்பிரே அடித்தார். முடிந்ததும் கதவில் என் முகம் தெரிந்தது. நெற்றிப் பொட்டு கோணலாக இருந்ததுகூடத் தெரிந்தது. அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தேன், நான் சொன்னேனா இல்லையா என்று.

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு கம்மி. இடது பக்கக் கதவில் ஈ ஒட்டிக்கொண்டதால் அதை மட்டும் துடைத்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. மற்ற இடமெல்லாம் காய்ந்துகொண்டு வர, அது மட்டும் காயவே இல்லை. காலையில் போய்த் தொட்டால் விரல் ஒட்டும். மத்தியானம் தொட்டால் ஒட்டும். பனி மலையை விட்டு இறங்கிப் போகவே வெயில் ஏறிவிடும். கும்முட்டியில் நெருப்புப் போட்டுப் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வெச்சா வண்டியும் போவும், நாமளும் போவோம்" என்றார் பெயிண்டர்.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ட்ரங்குப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

முகூர்த்த நாள் விடிவதற்குள் புறப்பட்டோம். யாரும் இடது கதவைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள நானும் போனேன். பெண் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெண் அலங்காரத்தோடு வெளியே வந்தாள். பின்னாலேயே அவளுடைய அத்தை வந்தார். வெளியூரிலிருந்து முதல் நாள்தான் வந்தவர் போலிருக்கிறது. வண்டியைப் பார்த்ததும் குறுக்கே கை நீட்டினார்.

"கறுப்பு வண்டியா? கல்யாணப் பொண்ணு இதுல ஏறக்கூடாது. மாட்டு வண்டி கட்டுங்க."

மாட்டு வண்டியில் போனால் முகூர்த்தம் தாண்டிவிடும் என்றார் பெண்ணின் அப்பா. தாண்டினாலும் பரவாயில்லை என்றார் அத்தை. என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். மனசு பம்பாய் ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் இறங்கினேன். "எம்மா, மலைமேல கீற சாமி இன்னா நெறம்? கறுப்புக் கல்லுதானே? சந்தனம் சாத்திட்டு கன்னத்துல போட்டுக்கல? மங்கலத்த பூசிட்டா கறுப்பு எங்க கீது?"

கூட்டத்தில் யாரோ "அதுவும் சரிதான்" என்றார்கள். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணுக்குப் பூசி மீந்த மஞ்சள் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார்.

"அப்போ பூசு. இங்கியே, எங்க கண்ணு எதிர்லியே பூசு."

அவர் காட்டியது இடது கதவை.

"மே, அது..." என்று என் வீட்டுக்காரர் வாயெடுத்து, அப்படியே மூடிக்கொண்டார். ஈரம் என்று சொன்னால் வண்டியை யாரும் தொடமாட்டார்கள். தேய்த்த ஒவ்வொரு நாளும் என் கண்ணுக்குள் வந்து போயிற்று. இரண்டு உள்ளங்கையிலும் மஞ்சளைக் குழைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கதவில் அழுத்தினேன். எடுக்கும்போது தோலைப் பிடித்து இழுத்தது.

மஞ்சள் கதவில் நின்றது. கறுப்பு என் கையோடு வந்துவிட்டது.

சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டேன். அத்தை குங்குமத்தோடு கதவை நோக்கிக் குனிந்தார். "நேரமாவுதும்மா, பொண்ண அந்தப் பக்கமா ஏத்துங்க" என்று நடுவில் புகுந்து தடுத்தேன். பெண் ஏறினாள். அத்தையும் ஏறினார். வண்டி கிளம்பியது.

வழியெல்லாம் கையை மடியில் இறுக்கி வைத்திருந்தேன். மலையடிவாரத்தில் அவர் வண்டியோடு நின்றுவிட, நான் பெண்ணோடு படியேற வேண்டியதாயிற்று, அத்தை விடவில்லை. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை கொடுத்தார்கள். கல்யாணத்தில் கரிக்கையை எப்படி விரிப்பது? முந்தானையில் வாங்கி, முந்தானையாலேயே உதறினேன். பக்கத்தில் நின்றவள் ஒரு மாதிரி பார்த்தாள். மேளம் கொட்டி முடிக்கும்வரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

இறங்கி வந்தபோது அவர் கதவெதிரே நின்றிருந்தார். கண்ணாடி போன்ற கறுப்பில் இரண்டு மஞ்சள் கை, ரேகை உட்படப் பதிந்திருந்தது. என் கையைப் பிடித்து, மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். எரிந்த விரலில் இன்னும் எரிந்தது.

"பாழாக்கிட்டேன் பாவா" என்றேன்.

அவர் நிமிராமலே கேட்டார். "உப்புத்தாளு மிச்சம் கீதா?"

"எதுக்கு?"

"அடுத்த முகூர்த்தத்துக்குள்ள இந்தக் கதவ தேய்ச்சி திரும்ப அடிக்கணும் இல்ல?"

அடுத்த முகூர்த்தம் என்றார். எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"கீது பாவா, நெறைய கீது" என்றேன். ஒரு தாள்கூட மிச்சமில்லை.