ரீஸ்டார்ட் அத்தான்

என் அக்காவைக் கட்டியவருக்குக் கடைத்தெருவில் ‘ரீஸ்டார்ட்’ என்று பெயர். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருக்கிறது, யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. தையல்காரருக்கும் சாவி செய்பவருக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை அவருடையது. போன் செய்கிற எவரிடமும் முதலில் ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று கேட்பார். பார்த்தோம் என்றால், பின்னால் சொருகியிருப்பதை எல்லாம் உருவிவிட்டு மறுபடி போடச் சொல்வார். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும். போனில் சரியானதற்குக் காசு வாங்கமாட்டார். இதில் குடும்பம் எப்படி ஓடுகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகாது. திரை கறுத்துப் போய், இடது மூலையில் ஒரு சின்னக் கோடு கண்ணடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்து, ஆற அமர விட்டுப் போட்டால் ஒழுங்காக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்பார் அத்தான். எத்தனையோ ஞாயிறு வந்தது, சாப்பிட்டுத் தூங்கியது, போனது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அக்கா படம் வரைவாள். இத்தனை வருஷமும் பள்ளிக்கூட வழிகாட்டிப் புத்தகங்களுக்கு இதயத்தின் குறுக்குவெட்டு, தவளையின் குடல் என்று வரைந்து கொடுத்தவள். ஒன்றிலும் அவள் பெயர் வந்ததில்லை. இப்போதுதான் முதல்முறையாக, முட்டையை எங்கே இட்டோம் என்று மறந்துபோன ஒரு கோழியின் கதைக்குப் படம் கேட்டிருந்தார்கள். அட்டையில் பெயர் போடுவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வரைந்தது பிடிக்காவிட்டால் சுவடு தெரியாமல் அழித்துவிடுவாள். எனக்கு வயிறு எரியும். அத்தான் மட்டும் கல்லுளிமங்கன் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

படங்களை அனுப்ப வேண்டிய நாளன்று, வாங்கிப் போன குக்கரைத் திருப்பிக் கொடுக்க நான் போயிருந்தேன். மதியத்துக்குள் வராவிட்டால் அச்சகத்தில் வேறு புத்தகம் ஏறிவிடும் என்று பதிப்பகத்தார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். கடைசிப் படத்தைக் காலையில் முடித்துச் சேமித்துவிட்டு, அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தாள். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாகவே ஏதோ அப்டேட் என்று அணைந்தது. திரும்பி வந்தால் கறுப்புத் திரை, மூலையில் அந்தக் கோடு.

அத்தான் கடையைப் பூட்டாமலே ஓடி வந்தார். அணைத்து, காத்திருந்து, போட்டார். வந்தது. ஆனால் அப்டேட் பாதியிலேயே தானாக ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி கறுத்தது. திரும்பவும் அதே கதை. பிரிண்டர், ஸ்பீக்கர், கேமரா எல்லாவற்றையும் உருவிப் போட்டார். கோடு கண்ணடித்தது. வைத்தியர் வீட்டு நோயாளிக்குத்தான் மருந்து கிடைப்பதில்லை என்று நான் சும்மா இருக்கமாட்டாமல் சொல்லிவைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாலாவது தேவலை.

“படம் எதுவும் போயிடாதுல்ல?” என்றாள்.

“நேத்து வரைக்கும் வரஞ்சது எங்கயும் போகாது. இன்னைக்குக் காலைல வரஞ்சதுதான்…” என்று இழுத்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் பட்டது. அக்காவின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. எழுந்து வந்து, பின்னால் இருப்பதை எல்லாம் உருவியாயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றார். அவர் போனில் ஊராருக்குச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தப் பாடம் மனப்பாடம். நம்பாமல் போன் வெளிச்சத்தோடு மேஜைக்கு அடியில் நுழைந்தாள். நானும் குனிந்தேன். கரண்டு, திரை, கீபோர்டு போக ஒரே ஒரு ஒயர் மிச்சம் இருந்தது. அது மேஜைப் பலகையின் அடிப்பக்கம் போய், பிரவுன் டேப் போட்டு ஒட்டியிருந்த சோப்புக்கட்டி அளவு டப்பாவில் முடிந்தது. அக்கா அதை உருவினாள்.

“இப்பப் போடுங்க.”

போட்டார். அப்டேட் ஓடியது, ரீஸ்டார்ட் ஆனது, மறுபடி ரீஸ்டார்ட் ஆனது, கோழி வந்து நின்றது. எனக்கு உயிர் வந்தது.

அக்கா டேப்போடு டப்பாவைப் பிய்த்து வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டாள். அத்தான் திருதிருவென்று முழித்தார். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வந்தது. அது ஒரு ஹார்ட் டிஸ்க். அவள் மாலையில் துணி மடிக்கப் போகும்போது, அன்றைக்கு வரைந்ததை எல்லாம் அதில் நகல் எடுத்து வைப்பாராம். பகலில் அவள் அழித்ததையும் தோண்டி எடுத்துச் சேர்ப்பாராம். ரீஸ்டார்ட் ஆகும்போது கம்ப்யூட்டர் முதலில் அந்த டிஸ்கிடம் போய் வழி கேட்டிருக்கிறது, அதற்கு வழி தெரியாது, இரண்டும் நின்றுவிட்டன. முழுதாக அணைத்துப் போட்டால் டிஸ்க் தூக்கம் கலைவதற்குள் கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இத்தனை நாள் பிழைத்தோம்.

“எல்லாத்தையும் உருவிட்டேன்னு சொன்னீங்களே?” என்றாள் அக்கா.

“இத நான் கணக்குலயே சேக்கல. இது உன் படம்.”

நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்த நையாண்டியை விழுங்கிவிட்டேன். இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவரிடம் சொன்னதில்லை. அக்கா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, மதியத்துக்கு முன்பே அனுப்பி முடித்துவிட்டு, அவர் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புத்தகம் வந்தது, அட்டையில் பெயரோடு. கம்ப்யூட்டர் முதலில் யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதை அத்தான் மாற்றி வைத்துவிட்டார். நிமிஷ வேலை. டிஸ்க் புது டேப்போடு அதே இடத்தில் இருக்கிறது. அக்காவும் அழிப்பதை விடவில்லை. போன வாரம் நான் அங்கே இருந்தபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, ஒரு கோழிய அழிக்கப் போறேன். வேணும்னா எடுத்து வச்சுக்கங்க.”