பன்னிரண்டு மணி ஜுரம்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, அடையாறில் எங்கள் வீட்டு சமையலறையில் நான் ஒரு காரியம் செய்தேன். உங்களில் பாதிப் பேர் செய்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு இன்னும் குழந்தை பிறந்திருக்காது.

மூன்றரை வயது மகன் கவினுக்கு உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது. எனக்கோ பத்து மணிக்கு கிண்டி ஆபீஸில் மீட்டிங். மனைவிக்கு தி.நகர் பேங்க்கில் ஆடிட். யார் லீவு போடுவது? அந்தக் கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டவர்தானே போட வேண்டியிருக்கும்! நான் ஃப்ரிட்ஜ் மேலிருந்த பிங்க் ஜுர சிரப்பை எடுத்தேன்.

"கவின், மருந்து குடிச்சேன்னு ஸ்கூல்ல யார்கிட்டயும் சொல்லக்கூடாது. என்ன?"

"ஏன்ப்பா?"

"இது நம்ம ரெண்டு பேர் சீக்ரெட்."

சீக்ரெட் என்றால் அவனுக்கு உயிர். பலமாகத் தலையாட்டினான்.

இதில் விசேஷம் என்ன தெரியுமா? அதற்கு முந்தின வாரம்தான் ப்ளே ஸ்கூல் பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப்பில் நான் ஒரு நீண்ட அறிக்கை விட்டிருந்தேன். 'ஜுரத்தோடு பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு மனசாட்சியே கிடையாதா?' என்று முடியும். ஏகப்பட்ட பேர் கைதட்டினார்கள். இரண்டு பேர் கும்பிடு வேறு போட்டார்கள்.

ஸ்கூலில் விதி இல்லாமல் இல்லை. ஜுரம் விட்டு, மருந்தே இல்லாமல் ஒரு முழு நாள் போன பிறகுதான் பிள்ளையை அனுப்ப வேண்டும். அட்மிஷன் அன்று எல்லோரும் அந்த ஃபார்மில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். என் கையெழுத்து ரொம்ப அழகாகவே இருக்கும்.

ஆனால் எங்கள் ஏரியா குழந்தைகளுக்கு வியாதி என்று ஒன்று வருவதே இல்லையே! மூக்கு ஒழுகினால் டஸ்ட் அலர்ஜி. இருமினால் நேற்று பெசன்ட் நகர் பீச்சில் சாப்பிட்ட ஐஸ்க்ரீம். கையில் கொப்புளமா? கொசு. உடம்பு சுடுகிறதா? பல் முளைக்கிறது. வாய் நிறைய பல் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் எந்தப் பல் என்றெல்லாம் கேட்கக்கூடாது.

ஸ்கூல் கேட்டில் ஆயா செல்வி நின்றிருந்தார். கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறவர். நெற்றியில் காட்டும் அந்தத் துப்பாக்கி தெர்மாமீட்டர் அவர் கையில். நாலு மணி நேரத்துக்கு ஜுரத்தை அமுக்கி வைக்கும் சிரப் அதற்குள் வேலையைக் காட்டியிருந்தது. கவின் பாஸ்.

"ஜுரம் கிரம் ஒண்ணும் இல்லியே சார்? மூஞ்சி வாடிக்கீது."

"சேச்சே, தூக்கக் கலக்கம்."

"இல்ல சார், வூட்ல பத்து மாசக் கைக்கொழந்த கீது. அதான் கேக்கறேன்."

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு தைரியம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

மீட்டிங் நடுவே ஸ்கூலிலிருந்து போன். மிஸ். "சார், கவினுக்கு நல்ல ஜுரம். கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஜுரமா! காலைல நல்லாத்தானே இருந்தான்?" என்ன நடிப்பு! பக்கத்தில் இருந்த மேனேஜரே எனக்காகக் கவலைப்பட்டார்.

போனால், ஆபீஸ் ரூமில் பாய் விரித்து இன்னும் இரண்டு குழந்தைகள் படுத்திருந்தன. அவர்களுடைய அம்மாக்களும் வந்திருந்தார்கள். இருவரும் ஒரே குரலில் மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "காலைல நல்லாத்தான் இருந்தான் மிஸ்!" கவின் செல்வி மடியில் சுருண்டு கிடந்தான். அவர் புடவை முழுக்க வாந்தி.

"கரெக்டா பன்னெண்டு மணிக்குத்தான் சார் எல்லாத்துக்கும் ஏறுது" என்றார் செல்வி. "இன்னா ஜுரமோ... டைம் பாத்துக்கினு வருது."

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"அப்பா, செல்விக்கா கேட்டாங்க. நான் சொல்லவே இல்ல. பிங்க் மருந்து நம்ம சீக்ரெட்தானே?"

ஒரு அம்மா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"குளிருதா கண்ணுன்னு நாலு தபா கேட்டேன் சார்" என்றார் செல்வி. "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னே சொல்லிக்கினு இருந்தான். ஒடம்பு நடுங்குது, அப்பவும் ஒண்ணும் இல்லன்றான் புள்ள."

அவர் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. பிள்ளையை என் தோளில் சாய்த்துவிட்டு, குழாயடியில் புடவையை அலசப் போனார். பின்னாலேயே போய் "ஸாரிம்மா" என்றேன். "வூட்டுக்குப் போய் தலைக்கு ஊத்திக்கினுதான் எம் புள்ளைய தூக்கணும்" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். வெட்கமாக இருந்தது. மூன்றரை வயசுப் பிள்ளைக்கு நடுங்கிக்கொண்டே பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். வேறு எந்த ஸ்கூலிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் லீவு போட்டேன். ஆபீஸ் இடிந்து விழவில்லை. செவ்வாய்க்கிழமை மீட்டிங்கூட நான் கிளம்பிய பிறகு சீக்கிரமே முடிந்துவிட்டதாம்.

திங்கட்கிழமை கவினை அழைத்துப் போனேன். கேட்டில் மிஸ்தான் துப்பாக்கியோடு நின்றார்.

"செல்வி எங்கே மிஸ்?"

"லீவு சார். கொழந்தைக்கு ஜுரமாம். நல்லா விட்டு ஒரு நாள் ஆனப்புறம்தான் வருவேன்னு சொல்லிட்டாங்க. இங்க இருக்குற பசங்களுக்கு ஒட்டிக்கும்னு பயம்."

வீடு வந்து சேர்வதற்குள் குரூப்பில் ஒரு மெசேஜ்: 'ஆயா இல்லாமல் எப்படி? இவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா?' அதற்கும் கைதட்டல் தொடங்கியிருந்தது. ஸ்கூட்டரை ஓரங்கட்டி டைப் அடித்தேன். 'போன செவ்வாய் சிரப் கொடுத்து ஜுரத்தோடு பிள்ளையை அனுப்பியவன் நான். அவர் குழந்தைக்கு ஜுரம் என்னால் வந்திருக்கலாம்.' அனுப்பிவிட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் சொல்கிறது. பதிலுக்கு ஒரு கைதட்டல்கூட இல்லை.

ஸ்கூல் விதியை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் செல்வி... அந்த ஃபார்மைக் கையெழுத்துக்காக அவரிடம் யாரும் நீட்டியதே இல்லை.